காசிமின் மோதிரச் சத்தம்

மராட்டியத்து ஏரவாடாவில் சந்துக்குள் சந்தாகப் போய், இனி போக வழியில்லை என்று நிற்கிற இடத்தில் ஒரு தகரக் கூரை ஒர்க்‌ஷாப். அதன் நெற்றியில் மஞ்சள் பலகை: ‘ஜே.கே. இன்ஜினியரிங் ஒர்க்ஸ். உரிமையாளர்: இன்ஜினியர் எஸ். ஜெகதீசன்.’ பலகையிலேயே பெரிய எழுத்து ‘இன்ஜினியர்’ என்பதுதான். ஆள் பெயர் அதற்கடுத்த சைஸ். ‘கே’ என்பது காசிம். தொழிலில் பங்காளியாக இருந்தும் அவன் பெயருக்குப் பலகையில் ஓர் எழுத்துக்கு மேல் இடம் கிடைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஜெகதீசன் எந்தக் கல்லூரியில் இன்ஜினியரிங் படித்தார் என்று யாராவது கேட்டால், அவர் கையைத் தெற்கே நீட்டி, “வேலூர் பக்கம்” என்பார். வேலூர் பக்கம் பெரிசு. அதில் ஏதாவது ஒரு கல்லூரி இருக்கத்தானே செய்யும். எந்த வெயிலிலும் அவர் ஒரு நீலக் கோட்டைக் கழற்ற மாட்டார். கோட்டுப் பையில் வெள்ளி மூடி போட்ட பேனா ஒன்று இருக்கும். அது எழுதிப் பார்த்தவர் கிடையாது. திறந்த பானெட்டுக்குள் எதையாவது சுட்டிக்காட்டத்தான் அது வெளியே வரும்.

இருவருக்கும் வேலைப் பிரிவினை சுத்தமாக இருந்தது. காசிம் வண்டிக்கு அடியில் படுத்திருப்பான், ஜெகதீசன் வண்டிக்காரரோடு நின்றுகொண்டிருப்பார். காசிம் கண்டுபிடித்ததை ஜெகதீசன் இங்கிலீஷில் சொல்வார். இங்கிலீஷில் சொன்னதும் கோளாறுக்கே ஒரு மரியாதை வந்துவிடும்.

காசிமுக்கு ஒரு பழக்கம். இன்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்கும்போது, விரலில் இருந்த வெள்ளி மோதிரத்தால் மட்கார்டில் தட்டிக்கொண்டே இருப்பான். டிக். டிக்டிக். டிக். இன்ஜின் அவனிடம் ஏதோ சொல்வது போலவும் அவன் ‘உம்’ கொட்டுவது போலவும் இருக்கும். ஜூன் மாத முதல் மழையன்று தன் சொந்த ஜீப்பில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவன் நெஞ்சு நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. மோதிரச் சத்தம் நின்றுபோனதால்தான் ஜெகதீசன் திரும்பிப் பார்த்தார்.

ஜீப் ராணுவ ஏலத்தில் எடுத்தது. அதற்குள் வேறு எதிலிருந்தோ கழற்றிய டீசல் இன்ஜினைக் காசிமே உட்கார வைத்திருந்தான். அவன் போன பிறகு அவன் மனைவி மும்தாஜுக்கு அந்த வண்டிதான் சோறு. அவள் தம்பி ஆசிஃப் அதில் ரஞ்சன்காவ் ஃபேக்டரிகளுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் போய் வந்தான்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆசிஃப் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிகிறது என்றான். வண்டிக்கு அடியில் படுக்கிற வேலை இப்போது ஜெகதீசன் தலையில் விழுந்திருந்தது. கோட்டோடேயே படுத்தார். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியை, மெக்கானிக் பாஷையில் சேம்பரை, இறக்கிப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி ஆயில் பம்புக்குக் கொடுக்கிற குழாய் ஆடிக்கொண்டிருந்தது. அது பம்பின் ஓட்டையில் வெறும் இறுக்கத்தில் நிற்கிற குழாய். திருகு, போல்ட் எதுவும் கிடையாது. ஆடி ஆடி அது கழன்று விழுந்தால் பம்ப் காற்றைக் குடிக்கும். எண்ணெய் போகாத இன்ஜின் இரும்போடு இரும்பு கடித்து, ஓடுகிற ஓட்டத்தில் பிடித்துக்கொள்ளும்.

வைத்தியம் ஒன்றும் பெரிதில்லை. குழாயை உள்ளே தட்டி, பித்தளைக் கம்பி வைத்து, கேஸில் ஊதி ஒட்ட வேண்டும். ஆனால் பம்புக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. எண்ணெயின் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான். நெருப்பு பட்டால் அதற்கு டெம்பர் போய்விடும். அமுக்கினால் அமுங்கும், திரும்பி எழுந்திருக்காது. அதனால் காசிம் டார்ச்சைத் தொடுவதற்கு முன்னால் பம்பைத் திறந்து, பல் சக்கரங்களை எடுத்து, கொறடால் பின்னைப் பிடுங்கி, ஸ்பிரிங்கை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். பம்பைச் சுற்றி ஈரச் சாக்கு. ஒரு தொடு, பிறகு ஒரு பீடி, மறுபடி ஒரு தொடு. பம்பைக் கையில் பிடித்துப் பார்த்து, சூடு ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் ஸ்பிரிங் பையிலிருந்து இறங்கும். ஜெகதீசன் பேனாவோடு பக்கத்தில் நின்று இதைப் பலதடவை பார்த்திருக்கிறார்.

மறுநாள் பூஜை. சிவப்புத் துணி விரித்து ஸ்பேனர், கொறடு, சுத்தியல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், அங்கே ஜேண்டு என்கிற செண்டுமல்லிப் பூ. அடுக்கிவிட்டால் மறுநாள் காலையில் மறுபூஜை முடியும்வரை எவனும் ஒரு திருப்புளியைக்கூடத் தொடக்கூடாது. அந்த விஷயத்தில் ஜெகதீசனின் மனைவி சரஸா போலீஸ். பக்கத்து மராத்திக்காரர்களும் அன்றைக்குக் கண்டே நவமி என்று ஆயுதங்களைப் படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், அவசரத்துக்கு இரவல் வாங்கவும் முடியாது.

காசிம் இருந்தவரை அது வீட்டுப் பூஜை. பொரி தின்றுவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அவன் இல்லாத முதல் வருஷத்தை ஜெகதீசன் விழாவாக ஆக்கினார். தலைமை விருந்தினர் திரு. பாலசுப்ரமணியன், மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர், வட்டாரத் தமிழர் பேரவைக்கு நிரந்தரத் தலைவர். அவருக்கு ஒரு சால்வை. பதிலுக்கு ஜெகதீசனுக்கு ஒரு சால்வை. கோட்டின் மேல் சால்வையோடு ஜெகதீசன் பேசினார்: “இந்த ஒர்க்‌ஷாப்பில் ‘நாளைக்கு’ என்ற வார்த்தை கிடையாது. எல்லாம் இன்றைக்கே! அதுதான் இன்ஜினியரிங்!”

கைதட்டல் அடங்குவதற்குள் ஆசிஃப் வாசலில் நின்றான்.

“அங்கிள், ஜீப் ரெடி ஆச்சா? நாளைக்கு சுபஹ் ஆறு மணிக்கு ஆளந்தி கோயில் புக்கிங் இருக்கு. தசரா ஹை நா.”

“நாளைக்கு…” என்று ஆரம்பித்த ஜெகதீசன் நிறுத்தினார். பாலசுப்ரமணியன் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்ப் மேஜைமேல் இருந்தது. அதைத் திறக்க வேண்டிய ஸ்பேனரும், பின்னைப் பிடுங்க வேண்டிய கொறடும் குங்குமம் வைத்துக்கொண்டு பூவுக்கடியில் படுத்திருந்தன. கேஸ் சிலிண்டர் மட்டும் கனம் காரணமாகத் துணிக்கு வரவில்லை. இருந்த இடத்திலேயே ஒரு பொட்டு வாங்கிக்கொண்டு மூலையில் நின்றது.

“அத்தத் தொடாத,” என்றாள் சரஸா, அவர் கண் போன திசையைப் பார்த்து.

“இது ஆயுதம் இல்லடி. எரிபொருள்.”

அவ்வளவுதான் தர்ம விசாரணை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பம்பை மூடியபடியே வைத்து, எல்லோரும் பார்க்க ஊதினார். தீ நீலமாகச் சீறியது. இரும்பு சிவந்தது. பித்தளை உருகி ஓடி, குழாயைச் சுற்றிப் பொன் வளையல் போல உட்கார்ந்தது. “ஹீட் ட்ரீட்மென்ட், சார்” என்று விளக்கினார். பாலசுப்ரமணியன் உணர்ச்சிவசப்பட்டுப் பூஜைத் தேங்காய்த் தண்ணீரை அதன்மேல் தெளித்தார். ‘சொய்ங்’ என்று சத்தம் வந்தது. நல்ல சகுனம் என்று நாலு பேர் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் மறுபூஜை முடிந்து ஸ்பேனர் கைக்கு வந்தது. திறந்து ஸ்பிரிங்கைப் பார்த்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆசிஃப் ஹார்ன் அடித்தான். வந்த நினைப்பு அப்படியே போய்விட்டது, பம்ப் மூடியபடியே வண்டிக்குள் ஏறியது.

அந்த வாரக் கடைசியில் ஜீப் திரும்பி வந்தது. இந்தத் தடவை மும்தாஜும் இறங்கினாள். கணவன் போன பிறகு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தா முடிந்து அவள் வெளியில் வந்த புதிது. ரஞ்சன்காவ் போய் வந்த சூட்டில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“பாருங்க அங்கிள். டண்டா இருந்தா ஒண்ணும் இல்ல. சூடானா லால் லைட்டு. அப்புறம் இந்த ஆவாஜ், கேளுங்க.”

ஜெகதீசன் பானெட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார். குனிந்தார்.

டிக். டிக்டிக். டிக்.

பேனா அந்தரத்தில் நின்றது. எண்ணெய் அழுத்தம் இல்லாமல் வால்வுகளின் தலையில் காய்ந்த இரும்பு தட்டுகிறது. இதைத் தெரிந்துகொள்ள வேலூர் பக்கம் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த இடைவெளி, அந்த நிதானம், நடுவில் வரும் அந்த இரட்டைத் தட்டு…

“கேட்டீகளா அண்ணே?” மும்தாஜ் குரலை இறக்கினாள். “இது அவுக மோதிரம்லா?”

அவர் பேனாவைப் பைக்குள் போட்டார்.

“நான் படிக்காதவ. பள்ளிவாசல் ஹஜ்ரத்து கேட்டா ஏசுவாக, மௌத்தானவுக வண்டியில வந்து உக்கார மாட்டாகன்னு. நீங்க இன்ஜினியரு, நீங்க சொல்லுங்க. இது மெஷினு கோளாறா?”

சிவப்பு விளக்கு கண்ணாடிக்குப் பின்னால் மினுக்கியது. கோளாறு என்றால் என்ன கோளாறு என்பாள். ஸ்பிரிங் என்றால் எப்படிக் கெட்டது என்பாள். பொன் வளையல், சால்வை, ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாம் ஒரு நிமிஷத்தில் ஜெகதீசனின் கண்முன் ஓடின.

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல தங்கச்சி,” என்றார்.

பொய் என்று பார்த்தால் அந்த ஒரு வரிதான். மீதியை அவள் முகமே செய்துகொண்டது. நாலு மாசமாக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது. பானெட் மேல் கையை வைத்தாள், சுட்டது, எடுக்கவில்லை.

பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து ஜீப் அதே சந்தில் தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் மும்தாஜ் ஒரு டம்ளர் டீயோடு போய் முன் சீட்டில் உட்காருவாள். “கொஞ்ச நேரம் ஓடட்டும்டா,” என்று ஆசிஃபிடம் சொல்வாள். கரண்டு பில், வாடகை கேட்கும் வீட்டுக்காரன் தொல்லை, அரிசி விலை எல்லாம் சொல்வாள். அது தட்டும். “ஆமாம்லா?” என்பாள். விளக்கு எரியும். ஒருநாள் அவள் சிரித்த சத்தம் சந்து முனைவரை கேட்டது. காசிம் போன பிறகு அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை.

ஜெகதீசனுக்குத் தூக்கம் கெட ஆரம்பித்தது. ஜீப் காலையில் சாதுவாகப் போகும், சாயங்காலம் காசிமாக வரும். சந்து திரும்பும்போதே சத்தம் வந்துவிடும். அவர் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய், இல்லாத வேலை ஒன்றைத் தேடுவார். ஜீப் இல்லாத நேரத்திலும் சத்தம் இருந்தது. குழாயில் சொட்டும் தண்ணீரில் இருந்தது. ஆறுகிற தோசைக்கல்லில் இருந்தது. லோஹேகாவிலிருந்து எழும்பும் விமானம் வானத்தையே கிழித்துக்கொண்டு போய், அது போன பிறகு வரும் அமைதியில், கூரைத் தகரத்தில், டிக். திரும்பினால் காசிமின் முக்காலி காலியாக இருக்கும். அதன்மேல் எண்ணெய்த் துணி, அவன் உதறிப் போட்ட மடிப்போடு.

சாமி படத்துக்கு மாட்டியிருந்த சிவப்பு பல்பைக் கழற்றிவிட்டுப் பச்சை போட்டார்.

“இன்னாத்துக்கு மாத்துன?” என்றாள் சரஸா.

“கண்ணு கூசுது.”

“கண்ணு கூசுதா, வேற ஏதாச்சும் கூசுதா?” அவள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள். “சந்துல எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க, இன்ஜினியரே ஒத்துக்கினாரு, பேயிதான்னு. பேயி உங்கிட்ட இங்கிலீஷ்ல பேசுதா, தமிழ்ல பேசுதா?”

“மூட்றி வாய.”

“காசிம் அண்ணன் இருந்தப்போ அந்தாள ஒரு டீ குடிக்க உட்டியா? இப்ப டீ குடிக்க வந்துக்கினு கீறாரு. வர்ட்டுமே.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் எழுந்து பச்சை பல்பையும் அணைத்தார்.

சமதரையில் ரஞ்சன்காவ் போய் வருகிறவரை ஆபத்து மெதுவாகத்தான் வரும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். நடுவில் ஏதாவது சாக்கு வைத்து ஸ்பிரிங்கை மாற்றிவிடலாம். அப்போதுதான் ஆசிஃப் வந்து சொன்னான்:

“அங்கிள், சனிக்கிழமை பாஞ்ச்கனி. நம்ம ருக்கையா ஆன்ட்டி வீட்டு ஷாதி. ஜீப் ஃபுல். ஆபாவும் வர்றாங்க, முன்னாடி சீட்டு.” ஆபா என்றால் அவன் அக்கா மும்தாஜ்.

பாஞ்ச்கனி என்றால் பசர்ணி காட் மலைப்பாதை. வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. செத்த ஸ்பிரிங்கோடு, கொதிக்கிற இன்ஜினோடு, ஆள் நிரம்பி அந்த ஏற்றம் ஏறினால் பாதி மலையில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பின்னால் லாரிகள் வரும். முன் சீட்டில் மும்தாஜ் இருப்பாள், எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு. வேறு எவனாவது ஓட்டினால் விளக்கைப் பார்த்து வண்டியை நிறுத்துவான். இவர்கள் நிறுத்த மாட்டார்கள். விளக்கு எரிந்தால் மச்சான் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனார்.

“காட் ஏர்ற வண்டி தங்கச்சி. ஒரு ஜெனரல் சர்வீஸ் பண்ணிடலாம். சேம்பர எறக்கி…”

“வேண்டாம் அண்ணே.”

“ஃப்ரீதான்.”

“அதுக்குச் சொல்லல. தொறக்கப்படாது. தொறந்து, அவுக போயிட்டாகன்னா?”

“பம்ப மட்டும் ஒரு தபா…”

“மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு நீங்கதான சொன்னீக?”

அவர் வேறு வழியாக வந்தார். ஆத்மா சாந்தி என்றார். புதுசாக இருக்கட்டும் என்று ‘ஸ்பிரிச்சுவல் ஓவர்ஹால்’ என்றுகூடச் சொன்னார். மும்தாஜ் சேலை முந்தியால் வாயை மூடிக்கொண்டாள்.

“அண்ணே, எங்க ஹஜ்ரத்துக்கே தெரியாத ஓதலெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

புதனும் போனது, வியாழனும் போனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆசிஃப் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். ஜேண்டு மாலை புதிதாகத் தொங்கியது. பின் சீட்டில் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகப் பெரிய பிரியாணி தேக்சா ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வண்டி ஒரு சவாரி போய் வந்த சூட்டில், இறக்கிய பானெட்டுக்குள் தட்டிக்கொண்டிருந்தது. ஜெகதீசன் நடு வெயிலில் வியர்த்து ஒழுகி வந்து நின்றார். கோட்டுப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன.

“தங்கச்சி, ஒரே ஒரு தபா சொல்றதக் கேளு. அத்தத் தொறக்கணும்.”

மும்தாஜ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு டிரைவர் கதவைத் திறந்துவிட்டாள்.

“உக்காருங்க.”

“இங்கயா?”

“அவுககிட்டயே கேளுங்க. அவுக சரின்னு சொன்னா தொறங்க.”

காசிம் செத்த நாளுக்குப் பிறகு ஜெகதீசன் அந்த சீட்டில் உட்கார்ந்ததில்லை. வண்டியை நகர்த்த வேண்டியிருந்தால் வெளியில் நின்று தள்ளுவார். இப்போது ஏறினார். சீட்டில் ஒரு குழி இருந்தது. காசிமின் உடம்பு வருஷக்கணக்கில் போட்ட குழி. அவர் அதற்குள் இறங்கினார். குழி அவரை வாங்கிக்கொண்டது. கியர் கம்பி கைக்குக் கதகதப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ விட்டுவிட்டுப் போனது போல. மும்தாஜ் சுற்றிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆசிஃப் பைப்பை மூடினான். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

டிக். டிக்டிக். டிக்.

சிவப்பு விளக்கு நேராக அவர் முகத்துக்கு எதிரே. மினுக்கவில்லை. நின்று எரிந்தது.

“என்ன சொல்லுதாக?” என்றாள் மும்தாஜ்.

முதலில் இன்ஜின்தான் கேட்டது. வால்வு, இரும்பு, வறட்சி. பிறகு அதற்குப் பின்னாலிருந்து, ஈரச் சாக்கின் வாடையும் பீடி வாடையும் ஒன்றாக வந்தன. பிறகு, காதுக்கு வெளியிலிருந்தா உள்ளேயிருந்தா என்று ஜெகதீசனால் கடைசிவரை சொல்ல முடியாத ஓர் இடத்திலிருந்து, எப்போதும் டார்ச்சைப் பற்றவைக்கும் முன்னால் காசிம் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி வந்தது: ஸ்பிரிங்க எடுத்தியா? ஸ்பிரிங்க எடுத்தியா?

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

“தொறக்கச் சொல்றான்,” என்றார். இங்கிலீஷ் எங்கேயோ ஓடிப் போயிருந்தது. “எப்பவோ தொறந்திருக்கணும்ன்றான்.”

மும்தாஜ் விளக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“அவுக சொன்னா சரி,” என்று இறங்கினாள்.

அவர் கோட்டைக் கழற்றினார். அதை அவர் கழற்றி அந்தச் சந்து பார்த்ததில்லை. உள்ளே பனியன் கிழிந்திருந்தது. புது ஸ்பிரிங் வாங்க ஆசிஃபை நானா பேட்டுக்கு அனுப்பிவிட்டு ஜீப்பை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், தரையில் சாக்கைப் போட்டு அடியில் நுழைந்தார். எண்ணெய் சூடாக முகத்தில் சொட்டியது. துடைக்கவில்லை. சேம்பரை இறக்கிப் பம்பைக் கழற்றி, மேஜையில் வைத்துத் திறந்தார். பித்தளை வளையம் அழகாகத்தான் இருந்தது, சால்வை போர்த்தலாம் போல. உள்ளே பின்னைப் பிடுங்கியதும் ஸ்பிரிங் துள்ளி வெளியே வரவில்லை. கொறடால் இழுக்க வேண்டியிருந்தது. நீலம் பாரித்துப் போயிருந்தது. விரலால் அமுக்கினார். அமுங்கிய இடத்திலேயே கிடந்தது.

ஆசிஃப் வாங்கிவந்த புது ஸ்பிரிங்கைப் போட்டார். மூடி நெளிந்திருக்கிறதா என்று கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார். எல்லாம் மாட்டி, புது எண்ணெய் ஊற்றி, ஜீப்பைக் கல்யாணி நகர் வரை ஓட்டச் சொல்லி, சூடேற்றித் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

வெயில் தாழ ஜீப் வந்து நின்றது. மும்தாஜ் டீயோடு முன் சீட்டில் ஏறிக் காத்திருந்தாள். இன்ஜின் ஒரே சீராக, எண்ணெயில் நனைந்த மென்மையான உறுமலோடு ஓடியது. விளக்கு எரியவில்லை. அவள் கண்ணாடியை விரலால் துடைத்துப் பார்த்தாள்.

“வீட்டுக்காரன் இன்னிக்கும் வந்தான்,” என்று சொல்லிப் பார்த்தாள்.

இன்ஜின் ஓடியது. டீ ஆறி ஆடை கட்டியது.

“இன்னும் சூடாகணுமோ?” என்று ஆசிஃபைக் கேட்டாள்.

“கரம்தான் ஆபா. ஃபுல் கரம்.”

அவள் இறங்கி ஜெகதீசன் முன்னால் வந்து நின்றாள். அவர் எதிர்பார்த்த அழுகையோ ஏச்சோ வரவில்லை.

“அதுக்குள்ள என்ன இருந்துச்சு அண்ணே?”

அவர் கையில் எண்ணெய்த் துணி. துணிக்குள் அந்த ஸ்பிரிங். மறைக்க நேரமில்லை. அவளே விரலால் துணியை விலக்கிப் பார்த்தாள். காசிமின் சட்டையை வருஷக்கணக்காகத் துவைத்தவள் அவள். துவைக்கும் முன் பையைத் துழாவி, இந்த மாதிரி ஸ்பிரிங்குகளை எடுத்து மாடத்தில் வைத்தவள். அவை எல்லாம் வெள்ளையாக இருக்கும்.

“இது நீலமா இருக்கு,” என்றாள்.

ஜெகதீசன் தரையைப் பார்த்தார்.

“நான் வச்சிக்கிடுதேன்,” என்று எடுத்து முந்தியில் முடிந்துகொண்டு போனாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் ஜீப் பசர்ணி காட்டில் ஒரு மூச்சில் ஏறிக் கல்யாணத்துக்குப் போய், ஒரு மூச்சில் இறங்கித் திரும்பியது. ஆசிஃப் அந்தச் சந்தோஷத்தில், ஜீப் ஸ்டாண்டு முழுக்கக் கதை பரப்பினான். இன்ஜினியர் அங்கிள் மச்சான் சீட்டில் உட்கார்ந்தார், பேசினார், கோட்டைக் கழற்றினார், பேய் போச்சு! அடுத்த வாரமே ஒரு ரிக்‌ஷாக்காரன் எலுமிச்சம்பழத்தோடு வந்தான். அவன் வண்டியில் இரவானால் யாரோ முனகுகிறார்களாம். பிறகு ஒரு டெம்போ வந்தது. பிறகு கோரேகாவிலிருந்து ஒரு டிராக்டர்க்காரன். “பூத்வாலா மிஸ்திரி எங்கே?” என்று, பேயோட்டுகிற மெக்கானிக்கை, சந்து முனையில் கேட்டால் பலகையைப் பார்க்காமலேயே கை காட்டினார்கள். பாலசுப்ரமணியன்கூட ஒருநாள் தன் ஸ்கூட்டரோடு வந்து, நாலுபக்கமும் பார்த்துவிட்டு, “சும்மா ஒரு சந்தேகம் மிஸ்டர் ஜெகதீசன்” என்று குரலைத் தாழ்த்தினார்.

“நான் இன்ஜினியர் சார்,” என்றார் ஜெகதீசன்.

“நிச்சயமா, நிச்சயமா. அது வேற, இது வேற.”

மறுக்க ஒரே வழிதான் இருந்தது. ஸ்பிரிங்கைச் சொல்ல வேண்டும். அதனால் அவர் பேசாமல் எலுமிச்சம்பழங்களை வாங்கி ஜன்னலில் வைத்தார். சரஸா அவற்றை ஊறுகாய் போட்டாள்.

டார்ச்சைத் தொடும் முன் அவர் இப்போது உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவிடுவார், எடுக்கத் தேவையில்லாத வேலையிலும்கூட. கோட்டுப் பையில் ஸ்பிரிங்குகள் குலுங்கும். ஒர்க்‌ஷாப் அமைதியாக இருந்தது. தண்ணீர்க் குழாய் வெறுமனே சொட்டியது, தகரம் வெறுமனே சூடேறி ஆறியது. அவர் ஒவ்வொரு இன்ஜினையும் சூடேற்றிவிட்டு, மட்கார்டு மேல் சாய்ந்து, தேவைக்கு மேல் நெடுநேரம் கேட்டுக்கொண்டு நிற்பார். எல்லா இன்ஜினும் இன்ஜினாகவே ஓடின.

ஒருநாள் மத்தியானம் அப்படி ஒரு டெம்போவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மும்தாஜ். கையில் காய்கறிப் பை. ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கினாள். பாதிச் சிரிப்பு உதட்டில் வந்து நின்றிருந்தது. கண் அவரைத் தாண்டி, டெம்போவைத் தாண்டி, காசிமின் முக்காலிவரை போய்த் தேடியது.

எதைக் கேட்டு வந்தாள் என்று அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு தன் கையைப் பார்த்தார். பேனாவின் வெள்ளி மூடி மட்கார்டில் தட்டிக்கொண்டிருந்தது. டிக். டிக்டிக். டிக். எப்போதிலிருந்து தட்டுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

கை நின்றது.

அவள் முகத்திலிருந்த வெளிச்சம் ஒவ்வொரு இடமாக அணைந்தது. முந்தியில் முடிச்சு இருந்த இடத்தைக் கையால் பற்றிக்கொண்டாள்.

“நீங்களா அண்ணே,” என்றாள். பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

ஜெகதீசன் பேனாவைக் கோட்டுப் பையில் செருகினார். டெம்போ ஓடிக்கொண்டிருந்தது.